சந்தனம் வைத்த கட்டங்கள்

பதுளையில் நான் குடியிருக்கும் அறைக்குக் கீழே ஒரு ஸ்டிக்கர் கடை இருக்கிறது. பஸ்ஸின் நெற்றியில் ஒட்டும் சாமிப் படம், ஓட்டோவின் முதுகில் ஒட்டும் காதல் வசனம், கோழிக்கடை விலைப்பட்டியல் எல்லாம் அங்கேதான் வெட்டப்படுகின்றன. காலையில் வெட்டும் இயந்திரம் கீச்சிடத் தொடங்கினால் எனக்கு விடிந்துவிட்டது என்று அர்த்தம். கடைக்காரர் அறுபதை நெருங்கும் முஸ்லிம் மனிதர். ஊவா மாகாணத்தில் ஓடும் தனியார் பஸ்களில் பாதி தன் கையால் அழகு பெற்றவை என்று சொல்லிக்கொள்வார். அதில் எவ்வளவு மிகை என்று நான் சரிபார்க்கவில்லை. பத்திரிகை நிருபராக நான் சரிபார்க்காமல் விட்ட சில விஷயங்களில் அதுவும் ஒன்று.

ஒரு புதன்கிழமை காலை அந்தக் கடை வாசலில் ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது. பழைய வேன். ஒரு பக்கக் கதவில் நெளிவு எடுத்த தழும்பு தெரிந்தது. உள்ளே இருக்கைகளைக் கழற்றிவிட்டு ஒரு நோயாளிக் கட்டிலைப் பொருத்தியிருந்தார்கள். லுணுகலைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்து வேன் அது. அந்தத் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வேலைக்குப் போன இளைஞர்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது. அதுவரை நோயாளிகள் ஆஸ்பத்திரிக்குப் போனது தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியில். லொறியை ஓட்டிய அதே மனிதர்தான் இப்போது வேனையும் ஓட்டிவந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். இறங்கியதும் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். வளைகுடாவில் வேலை செய்யும் மச்சான் அனுப்பிய படம். மஞ்சளும் பச்சையுமாகச் சதுரங்கப் பலகையை விரித்துப் போர்த்தியது போல ஓர் ஆம்புலன்ஸ்.

“இதே மாதிரி வேணும், நானா,” என்றார். முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்.

“ஏன் தம்பி, ஆம்புலன்ஸ் எண்டு பெரிசா எழுதினா போதாதா? மூணு பாசையிலயும் எழுதித் தாறேன்.”

“எழுத்த எவன் படிக்கிறான்? வளைவுல படிக்கிறதுக்கு நேரம் இருக்கா?”

“அப்ப நீலம் போடுவமா? நீலத் தாள் கையில ஈக்குது.”

“நீலம் போட்டா பொலிஸ் வண்டியாயிரும். என்னையப் புடிச்சி உள்ள வச்சிருவான். பச்சையே போடுங்க. அனுமதியெல்லாம் பச்சைக்குத்தான் வாங்கியிருக்கு.”

கடைக்காரர் சிரித்தார். தாள் வரவழைக்க ஆள் அனுப்பிவிட்டு வேனைக் கழுவ ஆரம்பித்தார். சாரதி என் படிக்கட்டில் உட்கார்ந்தார். நான் பிளேன்டீ கொடுத்தேன். ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்டேன்.

அவர் மனைவி கொழுந்து பறிப்பவர். போன வருடம் மலையில் குளவி கலைந்து கொட்டியது. கூட இருந்த பெண்களுக்கு வீங்கியதோடு போயிற்று. இவருடைய மனைவிக்கு மூச்சு இறுகிவிட்டது. லொறியின் முன்னிருக்கையில் சாய்த்துக் கொண்டுபோனார். முன்னால் ஒரு பஸ். பசறை வரைக்கும் அது வழிவிடவில்லை.

“ஹோன் அடிச்சேன். லைட்டப் போட்டுப் போட்டு அணைச்சேன். கைய நீட்டிக் கத்தினேன். அவனுக்கு என்ன தெரியும்? அவன் கண்ணாடியில பாத்தா கொழுந்து லொறி. கொழுந்து லொறிக்கு எவன் ஒதுங்குவான்?”

மனைவி பிழைத்துக்கொண்டார். ஆனால் டொக்டர் இவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: இந்த விஷம் அவர் உடம்புக்குச் சேராது, அடுத்த தடவை கொட்டினால் இதைவிட வேகமாக ஏறும், வழியில் ஒரு நிமிஷத்தையும் விட்டுவிடாதீர்கள்.

“இன்னும் மலைக்குத்தான் போறாங்களா?” என்றேன்.

“போகாம? புள்ளக்காம்பராவுல புள்ள பாக்குற வேல கேட்டா, எடமில்லேங்கிறாங்க. குளவி எந்த மரத்துல கட்டியிருக்குன்னு எவனுக்குத் தெரியும் தங்கச்சி? வராதுன்னு சொல்ல முடியாது. வந்தா ரோடு வழிவிடணும். எனக்கு அவ்வளவுதான் வேணும்.”

அந்த வேலை இரண்டு நாள் நடந்தது. கீழே போகும்போதும் வரும்போதும் நின்று பார்த்தேன். பிறகு ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தே பார்த்தேன். முதலில் கடைக்காரர் வேனின் பக்கவாட்டில் நீலத்தூள் பூசிய நூலைப் பிடித்து இழுத்து விட்டார். பளீரென்று ஒரு கோடு விழுந்தது. தள்ளி நின்று பார்த்துவிட்டு அதைத் துடைத்தார். மட்டப்பலகை வைத்து அடித்த கோடுதான். மட்டத்துக்குச் சரி, கண்ணுக்குக் கோணல். வேன் வயதாகி இடுப்பு இறங்கியிருந்தது. ஜன்னல் ஓரத்தை ஒட்டி இன்னொரு கோடு அடித்தார். அதுதான் நின்றது.

பிறகு சதுரங்கள். பின்தாளை ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் உரித்து, மேல் விளிம்பைக் கோட்டில் பொருத்தி, நுனியில் துணி சுற்றிய பிளாஸ்டிக் தகட்டால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்திக்கொண்டே போனார். காற்று தகட்டுக்கு முன்னால் ஓடி விளிம்பில் வெளியேறியது. தப்பி நின்ற குமிழியை ஊசியால் குத்தி விரலால் அமர்த்தினார். கதவு இடுக்கில் வந்த சதுரங்கள்தான் பெரும்பாடு. அப்படியே ஒட்டினால் கதவு திறக்கும்போது கிழியும். இடுக்கில் பிளேடை ஓட்டிப் பிளந்து, இரண்டு பக்கத்தையும் சூட்டுக்காற்றில் இளக்கி உள்ளே மடித்தார். கதவை மூடினால் சதுரம் முழுசாக இருந்தது. திறந்தால் பாதிப் பாதியாகப் பிரிந்தது. கதவை மூடி மூடித் திறந்தேன். “உடைச்சிராதீங்க மகள்” என்றார்.

வியாழன் மாலை வேலை முடிந்தது. இரண்டு பக்கமும் கட்டங்கள், முன்னால் மூக்குக்குக் குறுக்கே ஒரு வரிசை, பின்கதவில் கூரை வேய்ந்தது போல் மேல்நோக்கிச் சாய்ந்த பட்டைகள். நன்றாக இருந்தது, அவ்வளவுதான். பகல் வெளிச்சத்தில் அது ஒரு சாயம் பூசிய வேன். சாரதியின் முகத்திலும் கொஞ்சம் ஏமாற்றம் தெரிந்தது.

“தம்பி, இங்கால வாங்க. போன்ல டோர்ச்சப் போடுங்க. கைய நீட்டிப் பிடிக்க வாணாம். கண்ணுக்குப் பக்கத்துல, இப்பிடி, நெத்தியில வச்சிக்கங்க.”

சந்தில் அப்போது வெளிச்சம் மங்கிவிட்டது. சாரதி போனை நெற்றிப்பொட்டில் வைத்து வேனைப் பார்த்தார். வாய் திறந்தபடி நின்றார். பக்கத்தில் நின்ற எனக்கு ஒன்றும் தெரியவில்லை, பழைய மஞ்சள்தான். போனை வாங்கி நானும் அதேபோல் வைத்துப் பார்த்தேன்.

வேன் காணாமல் போயிருந்தது. சக்கரம் இல்லை, கதவு இல்லை, கண்ணாடி இல்லை. சதுரங்கள் மட்டும் எரிந்தன. சூடில்லாத, அசையாத நெருப்பு. கையைக் கொஞ்சம் விலக்கினேன், அணைந்தது. திரும்ப வைத்தேன், எரிந்தது. தாளுக்குள் மணலைவிடச் சிறிய கண்ணாடி மணிகள் இருப்பதாகவும், எந்தப் பக்கமிருந்து வெளிச்சம் வந்தாலும் அது வந்த வழியே திரும்பிவிடும் என்றும் கடைக்காரர் சொன்னார். லைட்டைப் போட்டுக்கொண்டு எதிரே வருகிறவனுக்குத்தான் அது தெரியும். ஓரத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. எத்தனையோ வருடங்களாகப் பாதையோரப் பலகைகளில் பார்த்த ஒன்றுதான். ஆனால் அதன்முன் நின்று கையை விலக்கியும் சேர்த்தும் பார்த்ததில்லை.

“ஒரு விசயம்,” என்றார் கடைக்காரர். “நாளைக்கு முழுக்கத் தண்ணி படக்கூடாது. கழுவவும் கூடாது. ஓரம் எழும்பிரும்.”

“நாளைக்கு வெள்ளிக்கிழம. கோயில்ல வண்டிக்குப் பூச. மஞ்சத்தண்ணி தெளிப்பாங்களே, நானா.”

“தெளிச்சா நான் பொறுப்பில்ல. ஒரு சொட்டும் ஆகாது.”

மறுநாள் நானும் வேனில் போனேன். இரண்டு வரிச் செய்திக்கு ஒரு படம் எடுக்கலாம் என்று நினைத்தேன். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குக் கீழே அம்மன் கோயில். வாசலில் வேனை நிறுத்தியதும் ஊரே கூடிவிட்டது. சாரதி முதல் வேலையாகப் பூசாரியிடம் தண்ணீர் விஷயத்தைச் சொன்னார்.

“தண்ணி படக்கூடாத வண்டியா?” என்றார் பூசாரி. “மழ பேஞ்சா கொட பிடிப்பியா?”

கூட்டம் சிரித்தது. ஆனாலும் பூசாரி மஞ்சள் தண்ணீர்ச் செம்பை ஒதுக்கி வைத்துவிட்டார். ஒரு சொட்டுகூட வேனில் படவில்லை. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். தேங்காயைக்கூடத் தள்ளிப்போய் உடைத்தார்கள். கடைக்காரர் சொன்னதை அந்தத் தோட்டம் எழுத்துப் பிசகாமல் கேட்டது.

பிறகு சாரதியின் மனைவி தட்டோடு வந்தார். மெலிந்த, சின்ன உருவம். கழுத்தில் போன வருடக் கொட்டின் வடு இன்னும் கறுப்பாக இருந்தது. குழைத்த சந்தனத்தை எடுத்து வேனின் மூக்கில் ஒரு சதுரத்தின் நடுவே வைத்தார். அதன்மேல் குங்குமம். அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அடுத்த சதுரம் வெறுமையாக இருந்தது. அதற்கும் வைத்தார்.

“பக்கத்துக் கட்டம் என்ன பாவம் பண்ணுச்சு?” என்று ஒரு பெண் தட்டில் கைவிட்டார். இன்னொருவர் மறுபக்கம் போனார். அந்தச் சதுரங்கள் பொட்டு வைக்கவே வரைந்து வைத்தவை போலத்தான் இருந்தன. கொஞ்ச நேரத்தில் வேனைச் சுற்றி ஒரு கட்டம் பாக்கியில்லை. தடித்த சந்தனம், ஆளுக்கொரு அளவு. குழந்தைகளைத் தூக்கிப்பிடித்து வைக்கச் சொன்னார்கள்.

சாரதி கற்பூரத் தட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். அப்போதுதான் பார்த்தார்.

“அய்யோ, என்ன வேல பண்ணி வச்சிருக்கீங்க! இது வெளிச்சத்துல மின்னணும்டி. மூடிட்டா எப்பிடி மின்னும்?”

“என்னத்துக்கு மின்னணும்? தேரா இது?” என்றார் மனைவி.

“இந்தா துணி. ஈரம் காயிறதுக்குள்ள தொடச்சிருவோம்.”

“வெள்ளிக்கிழமையும் அதுவுமா, கோயில் வாசல்ல நின்னு பொட்டத் தொடைக்கிற பேச்சு பேசுறீங்களே,” என்றார் மனைவி. சத்தம் போடவில்லை. சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் சாரதியைப் பார்த்தார்கள். அவர் கையிலிருந்த துணியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“சாமி சந்தனம். தானா உதிரட்டும். அது வரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது,” என்றார் மனைவி.

சாரதி ஓரமாகப் போய்க் கடைக்காரருக்குப் போன் பண்ணினார். மறுமுனைச் சத்தம் எனக்கே கேட்டது.

“சந்தனமா? எல்லாத்துலயுமா? யா அல்லாஹ்! சொல்லித்தானே அனுப்பினேன்!”

“தண்ணிதான நானா வேணாம்னீங்க.”

“சந்தனத்த நான் கண்டனா! சரி, காய்ஞ்சாப் பிறகு சுரண்டிராதீங்க, தாள் கீறிரும். ஈரத்துணியாலதான் எடுக்கணும். அதுவும் இண்டைக்கு ஆகாது.”

மறுநாளிலிருந்து தண்ணீர் படலாம், ஆனால் மனைவி விடவில்லை. வேனைக் கொட்டகைக்குள் நிறுத்தியிருந்ததால் மழையும் படவில்லை. இரண்டு மூன்று முறை சாரதி என்னோடு போனில் பேசினார். உதிர்ந்ததா என்று கேட்டால், “இவ கல்லுல அரச்சிருக்கா தங்கச்சி, சீமெந்து மாதிரி ஒட்டியிருக்கு” என்பார்.

அடுத்த வாரம், ஒரு பள்ளிக்கூடத்தின் ஒழுகும் கூரையைப் பார்க்க லுணுகலைக்குப் பஸ் ஏறினேன். பஸ் சாரதிக்குப் பக்கத்தில் முன்னிருக்கை கிடைத்தது. கண்ணாடியின் மேல் விளிம்பு முழுக்கக் கழுகும் ரோஜாவும் தீச்சுவாலையும். எங்கள் கடைக்காரரின் கைதான். தீச்சுவாலையின் நாக்குகளை அவர் எப்போதும் ஒரே பக்கம் வளைப்பார். பஸ் சாரதி யாருக்கும் வழிவிடாத ரகம். எதிரே வந்த ஒரு லொறியை அவர் பின்னுக்குப் போகவைத்தபோது நடத்துநர் படியில் தொங்கிக்கொண்டே, “அண்ணனுக்கு ரிவர்ஸ் கியர் இருக்கிறதே ஞாபகமில்ல” என்றார்.

பசறை தாண்டியதும் மூடுபனி இறங்கியது. பகலிலேயே லைட்டைப் போட்டார். அந்தப் பாதை ஓரிடத்தில் பள்ளத்தைச் சுற்றி மடிந்து வரும். இந்தக் கரையில் போகும்போது அந்தக் கரைப் பாதை எதிரே தெரியும். அன்று பள்ளம் தெரியவில்லை, எதிர்க்கரையும் தெரியவில்லை. பஸ் வளைவில் திரும்ப, அதன் வெளிச்சம் பனியைத் துழாவிக்கொண்டு போயிற்று.

எதிர்க்கரையில், பாதை இருக்கவேண்டிய உயரத்தில், ஒரு வரிசை பற்றிக்கொண்டது. மஞ்சளும் பச்சையுமான சதுரங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கரிய வட்டம். கீழே மண் இல்லை, மேலே மலை இல்லை. வெறும் பனியில் அந்த வரிசை வேகமாக நகர்ந்துகொண்டிருந்தது.

“அண்ணே,” என்றார் நடத்துநர். குரலில் கேலி இல்லை. “அண்ணே, கண்ணுண்ணே. கண்ணு கண்ணா வருது.”

பஸ் சாரதியின் கால் பிரேக்கில் இறங்கியதை நான் பார்த்தேன். பஸ் நின்றது. அவர் கழுத்தைத் திருப்பிக்கொண்டு பின்னுக்கு எடுக்கத் தொடங்கினார். பயணிகள் முனகினார்கள். நடத்துநர் குதித்து ஓடிப் பின்னால் நின்று தட்டித் தட்டி வழி சொன்னார். பாதை அகன்ற இடத்தில், மலையோடு உரசுமளவு பஸ்ஸை ஒதுக்கினார்.

அதன்பின் முன்வளைவில் அவை நேராக வந்தன. முதலில் கண்கள், பிறகு இரண்டு மங்கலான விளக்கு, பிறகுதான் வேன். அது எங்களை ஒரு சாண் இடைவெளியில் கடந்தது. ஸ்டீயரிங்கில் குனிந்திருந்த முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பின்னால் இரண்டு பெண்கள் மண்டியிட்டு, படுத்திருந்த ஒருவரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முகங்கள் வீங்கியிருந்தன. படுத்திருந்தவருடைய முகம் தெரியவில்லை. தெரியத் தேவையுமில்லை.

“எதுக்கு நிப்பாட்டினீங்க?” என்று நான் பஸ் சாரதியைக் கேட்டேன். தொழில் பழக்கம், கேட்டுவிட்டேன்.

அவர் கைகளை ஸ்டீயரிங்கிலேயே வைத்திருந்தார். “ரோட்டுல தெனம் எத்தன லைட்டப் பாக்குறோம். இது என்னன்னு தெரியலீங்க. தெரியாததுக்கு முன்னால எப்பிடிப் போறது?”

நான் அங்கேயே இறங்கிக்கொண்டு, பதுளைக்குப் போகும் அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.

ஆஸ்பத்திரி முற்றத்தில் வேனுக்குப் பக்கத்தில் சாரதி குந்தியிருந்தார். பனியில் நனைந்து சந்தனம் சில கட்டங்களில் கோடு கோடாக இறங்கியிருந்தது. மற்றவை அப்படியே இருந்தன. காலையில் பேர் பதியும் பெரட்டு முடிந்து மலையில் ஏறியவுடன் குளவி கலைந்ததாம். கங்காணி ஓடிவந்து சொன்னபோது இவர் வேனுக்குள்தான் இருந்தாராம்.

“பசறைகிட்ட வரும்போது மூச்சே கேக்கல தங்கச்சி. கூட வந்ததுக கத்துதுக. நான் திரும்பிப் பாக்கல. பாத்திருந்தா பள்ளத்துல விட்டிருப்பேன்.” பிறகு, “ஒரு பஸ்ஸு... எனக்காக ரிவர்ஸ்ல போச்சு. பஸ்ஸு. ரிவர்ஸ்ல,” என்றார்.

நான் அந்த பஸ்ஸில் இருந்ததைச் சொன்னேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “எப்பிடி இருந்துச்சு?” என்றார். “தெரிஞ்சது, அண்ணே. நல்லா தெரிஞ்சது” என்றேன்.

மத்தியானத்துக்குப் பிறகு ஒரு தாதி வந்து கூப்பிட்டார். உள்ளே அவர் மனைவி கண் திறந்திருந்தார். வீக்கத்தில் கீறல் அளவுக்குத்தான் திறக்க முடிந்தது. உதடு தடித்திருந்ததால் பேச்சு குழறியது. முதல் பேச்சு கணவனிடம்.

“பொட்டத் தொடைச்சிட்டீங்களா?”

“இல்ல.”

“ம்,” என்று கண்ணை மூடிக்கொண்டார். சாரதி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் தோள்கள் குலுங்கின. நான் வெளியே வந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து மனைவியை வீட்டுக்கு விட்ட நாளில், போகும் வழியில் இருவரும் கடைக்கு வந்தார்கள். கடைக்காரர் வேனை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, ஓரங்களை நகத்தால் தடவிப் பார்த்தார். ஒன்றும் எழும்பவில்லை. திட்டத் தயாராக இருந்தவர் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, “எப்பிடித் தங்கச்சி, சுகமா?” என்றார்.

சந்தில் மாலை இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அப்போதுதான் ஒன்று தோன்றியது. “அக்கா, இது எரியிறத நீங்க பாத்திருக்கீங்களா?”

“எது எரியிறத?”

சாரதி என்னைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார். இத்தனை சண்டை போட்டவர், ஒருநாளும் அதைக் காட்டியிருக்கவில்லை. போனை எடுத்து டோர்ச்சைப் போட்டு, மனைவியின் நெற்றிப்பொட்டுக்குப் பக்கத்தில் பிடித்தார். “இப்ப பாரு.”

நாங்கள் மூவரும் ஓரத்தில் நின்றோம். எங்களுக்கு அது கறைபட்ட பழைய வேன். அவருக்கு என்ன தெரிந்தது என்பதை அவர் முகத்தில்தான் பார்க்க முடிந்தது. மூச்சை இழுத்தவர் விடவில்லை. கை தானாக எழுந்து நெஞ்சில் குவிந்தது. கணவனின் கையை லேசாகத் தள்ளி விலக்கினார், மறுபடி இழுத்து வைத்துக்கொண்டார். நானும் அன்று அப்படித்தான் செய்தேன்.

“இத மொதல்லயே காட்டியிருக்கலாமில்ல?” என்றார் கடைசியில். “வாய் இருக்குன்னு கத்தத்தான் தெரியும்.”

பிறகு கடைக்காரரிடம் ஈரத்துணி கேட்டார். அன்று வெள்ளிக்கிழமை இல்லை. அவரே வேனின் மூக்கிலிருந்து தொடங்கினார். ஒவ்வொரு கட்டத்தையும் துடைக்குமுன் விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கணவன் போனை நெற்றியில் வைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தார்.

“இங்க ஒரு ஓரம் விட்டுட்ட.”

“தெரியுது, சும்மா இருங்க.”